பாதிதான் கழுவோணும்

பின்னேரம் நாலு பத்துக்குத்தான் அந்தப் போன் கோல் வந்தது. நான் அப்ப வேலை செய்யிற கட்டடத்துக்கு அடியில, பம்ப் ரூமுக்குள்ள நிண்டனான். மேல் மாடிகளுக்குத் தண்ணி ஏத்துற பம்ப் ஒண்டு ரெண்டு நாளா முக்கிக்கொண்டு இருந்தது. அதின்ர பிரஷர் கேஜைப் பாத்துக்கொண்டு நிக்கேக்க போன் அடிச்சுது. ஆஸ்பத்திரி வார்டில இருந்து ஒரு பெண்பிள்ளையின்ர குரல். "நீங்கள் கெதியா வந்தா நல்லது" எண்டு மட்டும் சொன்னா. அவ அதைச் சொன்ன விதத்திலயே எனக்கு விளங்கீட்டுது. கேஜில முள்ளு ஆடாமல் நிண்டது. அது நிண்ட இடம் இப்பவும் கண்ணுக்குள்ள கிடக்கு. உம்மட முகத்தை நினைக்க வெளிக்கிட்டா முதல்ல அந்த முள்ளுதான் வருது.

இண்டைக்குப் பின்னேரமும் போன் அடிச்சுது. அதே சத்தம். எடுத்துப் பாத்தா, ஸ்கிரீனில "குளம்" எண்டு இருக்கு. நீர் போட்ட பேர்.

நான் ஹோலில இருந்து பின்வளவுக்கு ஓடினன். ஓடின கதையைப் பிறகு சொல்லுறன். நீர் இல்லாத இந்த நாளுகளில உம்மட குளத்துக்கு என்ன நடந்தது எண்டதை முதல்ல உமக்குச் சொல்லோணும். வேற ஆரிட்டயும் இதை முழுக்கச் சொல்லேலாது. ஏன் எண்டு போகப் போக விளங்கும்.

அந்தத் தொட்டி நாங்கள் வரேக்கயே அங்க இருந்தது. பைப்பில தண்ணி ஒழுங்கா வராத காலத்தில சேத்து வைக்கக் கட்டின பழைய சீமெந்துத் தொட்டி, பாதி நிலத்துக்குள்ள. கடல் பக்கம் இறங்கிற எங்கட ஒழுங்கையில மற்ற வீடெல்லாம் உடைபட்டு அடுக்குமாடி ஃபிளாட்டுகள் ஆகிட்டுது. எங்கட வீடும் அந்தக் கட்டில் அளவு தொட்டியும்தான் தப்பி நிண்டதுகள். நான் அதுக்கு மேல பலகை போட்டு சைக்கிளை நிப்பாட்டலாம் எண்டு பாத்தன். நீர் குனிஞ்சு உள்ளுக்க எட்டிப் பாத்திட்டு, இதில மீன் விடுவம் எண்டனீர். சைக்கிள் இண்டைக்கு வரைக்கும் ஹோலுக்குள்ளதான் நிக்குது.

ஃபில்டருக்கு நாங்கள் பட்ட பாடு உமக்கு ஞாபகமிருக்கே? நான் ஒரு கிழமையா இருந்து படம் கீறினன். மூடின ஃபில்டர், பிரஷரில தண்ணி போகும், உள்ளுக்க பாசியைக் கொல்லுற லைட், வால்வைத் திருப்பினா தன்ர பாட்டில ஊத்தையை வெளிய தள்ளும். தொட்டியில இருக்கிற தண்ணி முழுக்க ஒண்டரை மணித்தியாலத்தில ஒருக்கா ஃபில்டருக்குள்ளால போய் வரோணும், அதுக்கு எந்தப் பம்ப், பைப் எவ்வளவு தடிப்பு, எல்லாம் எழுதி வைச்சனான். நீர் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைச்சிட்டு, என்ர தோளுக்கு மேலால பாத்தீர்.

"இதென்ன, மீனுக்கு ஐசியு கட்டுறீங்களோ?"

நான் சிரிச்சனான். அந்த எழுத்துகளை ஒரு கதவில பாக்கிற வரைக்கும் அது எனக்குச் சிரிப்பான கதையாத்தான் இருந்தது.

உமக்கு வேண்டியிருந்தது திறந்த பீப்பா. கீழால தண்ணி ஏறி, பிரஷ், ஸ்பொஞ்ச், உடைஞ்ச ஓடு எல்லாத்துக்குள்ளாலயும் வந்து, மேலால வழிஞ்சு திரும்பக் குளத்துக்க விழவேணும். "உங்கட பெட்டி பூட்டினது. உள்ளுக்க என்ன நடக்குதெண்டு தெரியாது. எனக்குத் திறந்து பாக்கோணும்" எண்டீர். நான் அதுக்கு எதிரா எத்தினையோ சொன்னன். இடம் கூடப் பிடிக்கும், பாக்க வடிவில்லை, மேல் மாடியில இருக்கிற வீட்டுச் சொந்தக்காரர் பாத்தா என்ன சொல்லுவார். நீர் எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு, வாற சனிக்கிழமை ஒருகொடவத்தைக்குப் போவம் எண்டனீர்.

அங்க ஒரு கொள்கலன் யார்டுக்குப் பக்கத்தில, வெளிநாட்டில இருந்து சாப்பாட்டுச் சாமான் வந்த நீலப் பீப்பாக்களை அடுக்கி வைச்சு வித்துக்கொண்டிருந்தாங்கள். நீர் ஒவ்வொண்டுக்குள்ளயும் தலையை விட்டு மணந்து பாத்தீர். த்ரீவீல்காரன் அதைப் பாத்துக்கொண்டே இருந்தான். கடைசியா ஒண்டைத் தெரிஞ்சு, சீட்டில எங்களுக்கு நடுவில ஏத்தினம். மாளுண்டத நங்கி எண்டு கேட்டான், மீனுக்கா எண்டு. ஓம் எண்டதும், அப்ப மீன் மூண்டாவது ஆள், அதுக்கும் ஹயர் தரோணும் எண்டான். வீட்டில கொண்டுவந்து எத்தினை தரம் கழுவியும் அந்தப் பீப்பாவில ஊறுகாய் மணம் போகேல்ல. ஒரு மாசமா எங்கட பின்வளவு சாப்பாட்டுக்கடை மாதிரி மணத்தது.

எங்கட வேலையில ஃபில்டர் எண்டா ஊத்தையைப் பிடிக்கிற சாமான். பிடிச்சா கழட்டுவம், பளிச்செண்டு கழுவுவம், திரும்பப் பூட்டுவம். அது உயிருகளுக்கு வீடு எண்டது உம்மட்டத்தான் கேள்விப்பட்டனான். மீன் விடுற கழிவில இருந்து தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நஞ்சு சேரும். ஸ்பொஞ்சிலயும் ஓட்டுத்துண்டிலயும் ஒட்டிக்கிடக்கிற நுண்ணுயிருகள்தான் அந்த நஞ்சைத் திண்டு தீர்க்கும். அதுகள் பெருகி நிரம்ப ஒரு மாசத்துக்கு மேல எடுக்கும். அதுவரைக்கும் குளத்துத் தண்ணி பால் கலந்த மாதிரி இருந்தது. நீர் ஒவ்வொரு நாளும் சின்னப் போத்தலில தண்ணி எடுத்து, மருந்துத் துளி விட்டு நிறம் பாப்பீர். மஞ்சள் எண்டா நல்லம். பச்சை எண்டா நஞ்சு. பச்சை வந்தா, "எங்கட ஆக்கள் இன்னும் வந்து சேரேல்ல" எண்டுவீர், ஊரில இருந்து பஸ்ஸில வாற சொந்தக்காரரைச் சொல்லுற மாதிரி.

அந்த ஸ்பொஞ்சைக் கழுவுறதுக்கு நீர் ஒரு சட்டம் வைச்சிருந்தனீர். பைப்புத் தண்ணி படப்படாது, அதில இருக்கிற குளோரின் எங்கட ஆக்களைக் கொண்டுபோடும். குளத்துத் தண்ணியையே ஒரு வாளியில எடுத்து, அதுக்குள்ள ரெண்டு தரம் பிழிஞ்சிட்டு, இன்னும் மண்ணிறமா இருக்கேக்கயே நிப்பாட்டோணும். எனக்குக் கை அடங்காது. இன்னொருக்காப் பிழியப் போவன். நீர் கையைப் பிடிச்சிடுவீர். "காணும். பாதிதான் கழுவோணும்."

முதல் வருசம் முடிய அந்த ஸ்பொஞ்சில ஒரு பெரிய துண்டை வெட்டி, தண்ணிப் பையில கட்டி, வேலைக்குக் கொண்டுபோனீர். கொட்டாஞ்சேனையில உம்மட கண்ணாடிக்கடை முதலாளி ஹாஜியார், கண் பாக்க வந்து காத்திருக்கிற ஆக்களுக்காக ஒரு மீன் தொட்டி வைச்சதும், அதில மீன் செத்துச் செத்து மிதந்ததும் உமக்குப் பொறுக்கேல்ல. எங்கட ஆக்களில கொஞ்சப் பேரைக் கொட்டாஞ்சேனைக்குக் குடி வைச்சாச்சு எண்டு பின்னேரம் வந்து சொன்னனீர். நான் கொம்பியூட்டரைப் பாத்துக்கொண்டு ம் எண்டு சொல்லியிருப்பன்.

பிறகு அந்தக் கரண்ட் வெட்டுக் காலம் வந்தது. பம்ப் நிண்டா பீப்பாக்குள்ள தண்ணி அசையாது, தண்ணி அசையாட்டிக் காத்துப் போகாது, காத்துப் போகாட்டி எங்கட ஆக்கள் மூச்சுத் திணறிச் செத்துப்போங்கள். பெயின்ற் வாளி ரெண்டைக் கவிட்டுப்போட்டு அதில இருந்து, நீர் ஒரு ஜக், நான் ஒரு ஜக், குளத்தில இருந்து அள்ளிப் பீப்பாக்குள்ள ஊத்தினம். ஒழுங்கை முழுக்க ஜெனரேட்டர் இரைச்சல். பெரிய மீன் சுத்திச் சுத்தி வந்து எங்களை விசாரிச்சுது. அதுக்கு நீர் வைச்ச பேர் பொலிஸ். அடியில படுத்துக் கிடந்துபோட்டுத் தீன் போட்டா மட்டும் மேல வாற மற்றதுக்கு, என்ர ஒஃபீஸ் மனேஜரை நினைச்சு மனேஜர். கை உளையுது எண்டு நான் சொல்ல, ஐசியு கட்டியிருந்தா அதுக்கும் கரண்ட் வேணும்தானே எண்டு நக்கலடிச்சீர். அந்த நாளுகளில நான் ஒண்டுக்கும் பயப்பிடேல்ல. அது பயப்பிடவேண்டிய காலம். ஆனா பயப்பிடேல்ல.

அந்தக் காலம் முடியத்தான் நான் பீப்பாக்குள்ள ஒரு மிதவை ஸ்விட்ச் பூட்டி, அதுக்குப் பழைய சிம் ஒண்டைப் போட்டு, தண்ணி ஓட்டம் நிண்டா ரெண்டு பேரின்ர போனுக்கும் கோல் வாற மாதிரிச் செய்தனான். நீர் என்ர போனை வாங்கி அந்த நம்பருக்குப் பேர் அடிச்சீர். "பாருங்கோ, இனிக் குளமே உங்களோட கதைக்கும்" எண்டு.

உமக்குக் காய்ச்சல் வந்ததைப் பற்றி நான் கனக்க எழுதமாட்டன். டெங்கு எண்டு தெரிஞ்சும், வார்டில நீர் எழும்பி இருந்து, காய்ச்சல் விட்டிட்டுது எண்டு சிரிச்சீர். பொலிசுக்குத் தீன் போட்டீங்களோ எண்டு கேட்டீர். நாங்கள் எல்லாரும் சந்தோசப்பட்டம். காய்ச்சல் விடுற அந்த நேரம்தான் பயப்பிடவேண்டிய நேரம் எண்டு எங்களுக்கு ஒருத்தருக்கும் தெரியாது.

உம்மை எடுத்துக்கொண்டு போன பிறகு, வழக்கப்படி பொம்பிளையள் வீட்டைக் கழுவினவை. எங்களுக்கு அது தெரிஞ்ச விசயம்தானே. உடம்பு படலை தாண்டினதும் வாளியும் தும்புத்தடியுமா இறங்குவினம், ஒரு மூலை விடாமல் கழுவுவினம். நான் அங்க, நெருப்புக்குக் கிட்ட நிண்டனான். சேட்டுப் பொக்கற்றுக்குள்ள போன் அடிச்சுது. எடுத்துப் பாத்தா, குளம். எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. நீர் எடுக்கிறீர் எண்டுதான் ஒரு கணம் மனசுக்குப் பட்டது. பக்கத்தில நிண்ட ஆரோ போனை வாங்கி நிப்பாட்டிச்சினம்.

திரும்பி வந்தா, பின்வளவில உடுப்புக் கொடியில உம்மட போர்வை, தலகாணி உறை, அதுக்குப் பக்கத்தில மூண்டு ஸ்பொஞ்ச். பளிச்செண்ட மஞ்சளா, கடையில வாங்கின அண்டைக்கு இருந்த மாதிரி, வெயிலில காயுதுகள். ஓட்டுத்துண்டெல்லாம் சாக்கில பரவி இருக்கு. பிளீச்சிங் மணம். உம்மட தங்கச்சி சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கண்ணெல்லாம் வீங்கி, ஈரத்தோட நிண்டவ. "அத்தான், அக்கான்ர பீப்பாவெல்லாம் ஊத்தை பிடிச்சுக் கிடந்தது. வடிவாக் கழுவிப்போட்டன்" எண்டா.

அவவுக்கு உமக்காகச் செய்ய ஏலுமா இருந்தது அது ஒண்டுதான். நான் கொடியைப் பாத்துக்கொண்டு நிண்டன். நல்லது எண்டு சொன்னன். ஸ்பொஞ்சுகளை எடுத்துப் பீப்பாக்குள்ள அடுக்கி, பம்பைப் போட்டன். வெறும் ஸ்பொஞ்சுக்குள்ளால தண்ணி போச்சு, வந்தது. எல்லாம் ஓடினது. உள்ளுக்க ஒருத்தரும் இல்லை.

அடுத்த கிழமைக்குள்ள மீன் எல்லாம் தண்ணி விழுற இடத்தில வந்து, வாயை மேல நீட்டிக்கொண்டு நிண்டுதுகள். பொலிஸ் சுத்துறதை விட்டிட்டுது. நான் போத்தலில துளி விட்டுப் பாத்தன். பச்சை. கடும் பச்சை.

இதுக்குள்ள பி.எச்.ஐ., சுகாதாரப் பரிசோதகர் ஒருத்தர், புகை அடிக்கிற ஆக்களோட வந்தவர். டெங்குச் சாவு எண்டா வருவினம்தானே. கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு, எல்லாம் பாத்தார். குளத்துக்குக் கிட்ட வந்து நிண்டு, மாளு இன்னவனே எண்டார், மீன் இருக்குத்தானே எண்டு. தண்ணி ஓடுது, மீன் நுளம்புப் புழுவைத் திண்டுடும், இதால பிரச்சினை இல்லை எண்டு விளங்கப்படுத்தினவர். மீன் செத்தா மட்டும் இதை மூடிப்போடுங்கோ எண்டு சொல்லிட்டுப் போனார்.

மாமி குசினி வாசலில நிண்டு கேட்டுக்கொண்டிருந்தா. சிங்களம் அவவுக்கு அரைகுறை, ஆனா கடைசி வசனம் நல்லா விளங்கீட்டுது. உம்மட அம்மா அழேல்ல. அழுது முடிஞ்ச குரலில சொன்னா: "தம்பி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் இந்தக் குழியை மூடுங்கோ. என்ர பிள்ளையைத் திண்ட தண்ணி இது."

பி.எச்.ஐ. சொன்னதை அவவுக்குத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். எனக்கே அந்தப் பயம் இருந்தது. விடிய எழும்பினதும் வெள்ளைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், குளத்தில நாலு மூலையிலயும் அள்ளி, வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாப்பன். ஒரு புழு இல்லை. ஒருநாளும் காணேல்ல. ஆனா இண்டைக்கு இல்லை எண்டது அண்டைக்கு இருக்கேல்ல எண்டு சொல்லாது. உம்மைக் கடிச்ச நுளம்பு எந்தத் தண்ணியில பிறந்தது எண்டு அறிய ஒரு மெஷினும் இல்லை.

மாமி வீட்டுச் சொந்தக்காரரோட கதைச்சா. ஹார்ட்வெயார் கடையில இருந்து மண் மூட்டை வந்து மதிலோட அடுக்குப்பட்டுது. நான் ஒவ்வொரு நாளும் குளத்துத் தண்ணியில கொஞ்சத்தை இறைச்சு, புதுத்தண்ணி ஊத்தினன். நீர் செய்யிற மாதிரி, குளோரின் போக, பைப்புத் தண்ணியை முதல் நாளே வாளியளில பிடிச்சு, நுளம்பு நெற்றால மூடி வைப்பன். விடிய வந்து பாத்தா எல்லா வாளியும் கவிண்டு கிடக்கும். மாமி. வீட்டுக்குள்ள ஒரு கிளாசில மிச்சத் தண்ணி இருந்தாலும் கொண்டுபோய் ஊத்துவா. அவவோட என்னெண்டு வழக்காடுறது? மீன்கடையில குளோரின் போக்கிற மருந்து வாங்கிவந்து துளி விட்டன். அதால மீனுக்கு ஒரு நாள் கூடக் கிடைக்கும், அவ்வளவுதான். மீன் செத்தா மண். மண் போட்டா, நீர் கை வைச்ச ஒண்டும் இந்த வீட்டில உயிரோட இல்லை. நான் இதை ஒரு கணக்குப் போலத்தான் யோசிச்சன். வேற விதமா யோசிக்க எனக்கு அப்ப ஏலாது.

அப்பிடிக் கணக்குப் போட்டுக்கொண்டு கண்ணாடியைத் துடைக்கேக்கதான் கொட்டாஞ்சேனை ஞாபகம் வந்தது. அந்தக் கண்ணாடியும் நீர் பாத்துத் தந்ததுதானே.

கடை வாசலில நிண்டு உள்ளுக்க பாத்தன். கண் பாக்கிற எழுத்துப் பலகைக்கு முன்னால உம்மட கதிரை இருந்தது. ஒருத்தரும் இருக்கேல்ல. ஹாஜியார் என்னைக் கண்டிட்டு எழும்பி வந்து, கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். நான் தொட்டியைப் பாத்தன். மூலையில அந்த ஸ்பொஞ்ச், கறுத்து, மொத்திச்சு, சளி பிடிச்ச மாதிரி. இவ்வளவு வடிவான சாமானை நான் கண்டதில்லை.

"இத ஆரும் கழுவினதோ, ஹாஜியார்?"

"கழுவியோ?" எண்டார். "ஹாஜியார் கைவெக்க வாணாம், நான் பாத்துக்கொள்றன் எண்டு அந்தப் புள்ள சொல்லித்தானே ஈக்கி. நாங்க கைவெக்கல்ல."

எனக்கு ஒரு பாதி வேணும் எண்டு கேட்டன். ஏன் எண்டு விளங்கப்படுத்தத் தொடங்கினன், வசனம் பாதியில நிண்டிட்டுது. அவர் கேக்கவுமில்லை. "எடுங்க தம்பி. அவட சாமான்தானே" எண்டு, மேசையில கிடந்த கத்தரிக்கோலைக் கொண்டுவந்து தந்தார். தொட்டித் தண்ணியோட சேத்துப் பையில கட்டித் தந்ததும் அவர்தான்.

வெளிய வர மழை. ஒரு த்ரீவீலும் நிக்கேல்ல. புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கயிருந்து காலி வீதியால இன்னொரு பஸ். பையை மடியில வைச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டிருந்தன். பக்கத்தில இருந்த வயசான சிங்கள மனுசன் குனிஞ்சு பாத்திட்டு, என்ன மீன் எண்டு கேட்டார். மீன் இல்லை எண்டன். திரும்பவும் பாத்தார். அப்ப என்ன எண்டு கேட்டார். மகே நோனாகே எண்டு சொன்னன். என்ர மனுசியின்ர. அவர் காலை ஒதுக்கி எனக்கு இடம் விட்டார்.

பம்பலப்பிட்டிக்குக் கிட்ட பஸ் அசையாமல் நிண்டது. பைக்குள்ள காத்து எவ்வளவு நேரத்துக்குக் காணும் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா மணிக்கூட்டைப் பாத்தன். அப்ப பொக்கற்றுக்குள்ள போன் அடிக்கத் தொடங்கிச்சு. கையை எடுத்தா பை சரியும். விட்டிட்டன். நிண்டு நிண்டு திரும்பத் திரும்ப அடிச்சுது. ஆர் செத்தது எண்டுதான் யோசிச்சன். இப்ப எனக்குப் போன் அடிச்சா வேற ஒரு யோசினையும் வாறதில்லை.

மனேஜர்தான். நான் போன நேரம் செத்து மிதந்திருக்கு. மாமி கண்டிட்டு, மண் கொட்ட ஆளைக் கூப்பிட்டிட்டா. எனக்கு அடிச்சது உம்மட தங்கச்சி. நான் வந்து சேர, படலையில நிண்டு, "அத்தான், கெதியாப் போங்கோ" எண்டா. பின்வளவில ஒரு ஆள் முதல் மூட்டையின்ர வாயை அவிட்டுக்கொண்டிருந்தார். மாமி குளக்கரையில, மழைக்குத் தலையில துவாயைப் போட்டுக்கொண்டு நிண்டா. மனேஜரை ஒரு சிரட்டையில எடுத்து வைச்சிருந்தா.

நான் போய் அவவுக்கு முன்னால குந்தியிருந்து பையைக் காட்டினன்.

"என்ன அது?"

"உங்கட மகள் வளர்த்தது, மாமி. கடையில இருந்தது. இன்னும் உயிரோட இருக்கு."

அவ பையை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சா. "இந்த ஊத்தையோ?"

"ஓம் மாமி. இந்த ஊத்தைதான். இது பீப்பாக்குள்ள போய்ப் பிடிச்சிட்டுதெண்டா மற்ற மீன் தப்பும். மீன் இருந்தாப் புழு வராது."

எனக்குப் பின்னால உம்மட தங்கச்சி மெதுவாக் கேட்டா. அந்தக் கேள்வி வரும் எண்டு எனக்குப் பஸ்ஸுக்குள்ளயே தெரியும். அதுக்கும் பயந்துகொண்டுதான் வந்தனான்.

"அத்தான், நான் கழுவினதாலயோ?"

நான் திரும்பிப் பாத்தன். அவவின்ர கண் உம்மட கண்.

"இல்லையம்மா. கரண்ட் போய் வந்ததால. அதுக்கும் கழுவினதுக்கும் ஒரு சம்மந்தமுமில்லை."

எஞ்சினியர் சொன்னா நம்புவினம். அவ நம்பினா. இதுதான் நான் ஒருத்தரிட்டயும் சொல்லேலாது எண்டு சொன்னது. உமக்கு மட்டும்தான். நீரும் இதைத்தான் சொல்லியிருப்பீர் எண்டு நினைக்கிறன். நீர் இன்னும் நல்லாச் சொல்லியிருப்பீர், ஏதாவது ஒரு நக்கலோட.

மாமி பையை இன்னொருக்கா வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தா. பிறகு அதை என்ர கையில தந்திட்டு மண்காரரைப் பாத்து, "நீங்கள் நாளைக்கு வாங்கோ" எண்டா. அந்த ஆள் அடுத்த நாளும் வந்தார். அண்டைக்கும் நாளைக்கு எண்டா. பிறகு அவர் வாறேல்ல.

அந்தியேட்டி முடிஞ்சுது. மூட்டையெல்லாம் மதிலோட அப்பிடியே கிடக்கு. மாமி இப்ப விடியவும் பின்னேரமும் அந்த மூட்டையில வந்து இருந்து, வெள்ளைக் கிண்ணத்தால தானே அள்ளிப் பாக்கிறா. ஒரு புழுவைக் கண்டாலும் மூடுவன் எண்டு எனக்குச் சொல்லி வைச்சிருக்கிறா. பாத்து முடிய, சீலைத் தலைப்பில முடிஞ்சு வைச்சிருக்கிற தீனை எடுத்துப் பொலிசுக்குப் போடுறா. நான் கண்டும் காணாத மாதிரிப் போயிடுவன்.

போத்தலில இன்னும் பச்சைதான். ஆனா வெளிறின பச்சை. மஞ்சள் பக்கம் வந்துகொண்டிருக்கு எண்டு ஒரு நேரம் தெரியுது, இன்னொரு நேரம் அது என்ர ஆசை எண்டு தெரியுது. நேற்று ஸ்பொஞ்ச் பிழியிற நாள். தான் செய்யிறன் எண்டு உம்மட தங்கச்சி கேட்டா. குளத்துத் தண்ணியை வாளியில எடுத்துக் குடுத்தன். ரெண்டு தரம் பிழிஞ்சா. தண்ணி மண்ணிறமா வந்தது. மூண்டாந்தரம் பிழியப் போனா. நான் கையைப் பிடிக்கேல்ல, வாயால சொன்னன். "காணும். பாதிதான் கழுவோணும்." ஏன் எண்டு கேட்டா. அக்கா அப்பிடித்தான் செய்யிறவ எண்டன். வாளியில இருந்ததைக் கருவேப்பிலைக்கு ஊத்தினா. அதையும் நீர்தான் செய்யிறனீர். அவவுக்கு அதை ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்ல.

இண்டைக்கு நான் ஓடினதைச் சொல்லேல்லத்தானே. போன் அடிச்சுது, குளம் எண்டு இருந்தது, வெறுங்காலோட ஓடினன். வாசல்படியில கால் அடிபட்டு நகம் கிழிஞ்சுபோச்சு. பம்ப் நிண்டிட்டுது, எல்லாம் செத்திட்டுது எண்டுதான் ஓடுறன். அங்க மாமி மூட்டையில இருக்கிறா. பீப்பாவில இருந்து தண்ணி விழுந்துகொண்டிருக்கு. பொலிஸ் சுத்துது, மெதுவா, ஆனாச் சுத்துது.

"என்ன தம்பி, ஏன் ஓடி வாறியள்?"

"போன் அடிச்சுது, மாமி."

"தண்ணி ஓடுதே. எனக்குக் கேக்குதே." அவ என்ர காலைப் பாத்தா, பிறகு முகத்தைப் பாத்தா. "அந்தப் போனைக் கொஞ்ச நேரத்துக்கு நிப்பாட்டி வையுங்கோவன்."

மிதவைக்கு அடியில ஒரு மாவிலை செருகிக் கிடந்தது. கோல் வந்தது அதாலதான், வேற ஒண்டுமில்லை. இலையை எடுத்தன். கை முழுக்க அந்த மணம், சேறும் மழையும் கலந்த உம்மட கை மணம், அதுக்கும் அடியில எங்கயோ இன்னும் கொஞ்சம் ஊறுகாய்.

எனக்குப் பயம் போகேல்ல. நுளம்பு ஒண்டு காதுக்குக் கிட்ட வந்தா இப்பவும் உடம்பு குளிருது. உம்மைக் கடிச்சது பிறந்தது எங்கட தண்ணியிலதானோ எண்டது ஒருநாளும் தெரியவரப்போறதில்லை. பாதி தெரிஞ்சும் பாதி தெரியாமலும்தான் இனி இருக்கோணும்போல. நாளைக்குப் போத்தலில என்ன நிறம் வருமெண்டும் தெரியாது.

இதை நான் பெயின்ற் வாளியில இருந்துதான் எழுதுறன். மற்ற வாளி பக்கத்தில கிடக்கு. இருளப்போகுது. மாமி உள்ளுக்குப் போயிட்டா, விளக்குக் கொளுத்துறா. தண்ணி விழுற சத்தம் எனக்கும் கேக்குது. இனிக் குளம் கூப்பிட்டாலும் எனக்குக் கோல் வராது, எழும்பி வந்து பாத்தாத்தான் தெரியும். போனை நிப்பாட்டிப்போட்டன்.